வஜீஹா பூட்டிய பட்டியல்

தி.நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள் வஜீஹா. எதிரில் நிற்பவரிடம் பெயரை மூன்று தடவை கேட்பாள். முதல் தடவை பதிவு செய்வதற்கு. இரண்டாவது எழுத்துக்கூட்டச் சொல்லி. மூன்றாவது, ரத்தம் பிடிக்கும் குழாயில் ஒட்டும் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு. அவசரத்தில் வருபவர்கள் அலுத்துக்கொள்வார்கள். வஜீஹா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரே காலையில் ஒரே பெயரோடு இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தியின் குழாயில் மற்றவளின் வயது ஒட்டியிருந்ததை அவள்தான் பார்த்தாள். பார்க்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு அன்று மனதில் விழுந்தது. பிறகு அது போகவில்லை.

வீட்டிலும் அதே ஆள்தான். சிந்தாதிரிப்பேட்டையில் மீன் வாங்கும் எவரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். வஜீஹா அடுத்த கடையில் அதே மீனின் செவுளையும் பார்த்துவிட்டு, திரும்பி வந்து முதல் கடையில் வாங்குவாள். அவள் கணவன் ஷஃபியுல்லா அதே பேட்டையில் தண்ணீர் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். கல்யாணமான புதிதில் இதற்கெல்லாம் சண்டை போட்டவன், இப்போது அவள் பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கும்போது படியிலேயே நின்று காத்திருப்பான்.

அவள் ரத்ததானக் குழுவில் சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய தங்கை. தங்கையின் பிரசவத்தன்று ஓ நெகட்டிவ் ரத்தம் கிடைக்காமல் குடும்பமே ஆஸ்பத்திரி வராந்தாவில் அலைந்தபோது, எங்கிருந்தோ ஒருவர் ஹெல்மெட்டோடு வந்து, ரத்தம் கொடுத்துவிட்டு, கொடுத்த டீயைக்கூடப் பாதி குடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரைக் கேட்காமல் விட்டது வஜீஹா வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவரை அனுப்பியது ராயப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அப்துல் சமத் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வாரமே அவர் கடைக்குப் போய், தானும் குழுவில் சேர்ந்தாள்.

சமத் பாயிடம் அப்போது ஒரு நீள நோட்டு இருந்தது. பெயர், ரத்த வகை, ஃபோன் நம்பர். யாராவது ரத்தம் கேட்டால் நோட்டைப் புரட்டிக் கூப்பிடுவார். பத்து வருடத்தில் நோட்டு நாலாகி, பக்கங்கள் கழன்று, ஒரே ஆள் மூன்று இடத்தில் இருந்தார். அப்போது வந்தவன்தான் அஸ்வின். ராஜா அண்ணாமலைபுரத்துப் பையன், இருபத்தாறு வயது, பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு ஜனவரி மாதம் நாலு நோட்டையும் வாங்கிப்போய் எல்லாவற்றையும் ஆன்லைன் ஷீட் ஒன்றில் ஏற்றிக் கொடுத்தான். பெயரோடு வயதும் பேட்டையும் சேர்த்தான்; பக்கத்தில் இருப்பவரை முதலில் கூப்பிடலாம் என்றான். சமத் பாய், வஜீஹா, அவன் என மூன்று பேருக்கு மட்டும் அது திறக்கும்படி வைத்திருந்தான்.

ஜூலையில் அந்த ஃபோன்கள் வர ஆரம்பித்தன.

முதலில் வந்தது ஸ்ரீரஞ்சனிக்கு. மந்தைவெளியில் வீட்டிலேயே பாட்டு வகுப்பு நடத்துபவர், பி நெகட்டிவ், வருடத்துக்கு இரண்டு தடவை தவறாமல் ரத்தம் கொடுப்பவர். ஒரு ஆண் குரல் அவரை அழைத்து, நீங்கள் பி நெகட்டிவ்தானே, மந்தைவெளிதானே என்று கேட்டிருக்கிறது. ஆமாம் என்றதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. தனியாக வர முடியுமா, வீடியோவில் முகம் காட்ட முடியுமா என்று. அவர் வைத்துவிட்டார். அது வேறு வேறு நம்பர்களில் இருந்து ஒன்பது நாள் தொடர்ந்தது. அதே வாரம் இன்னும் இரண்டு பெண்கள் இதையே சொன்னார்கள். போலீசில் புகார் கொடுத்தார்கள். நம்பர்கள் யார் யார் பெயரிலோ இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை.

ரத்த வகையும் பேட்டையும் சேர்ந்து இருந்தது ஒரே இடத்தில்தான். அந்த ஷீட்டில். வஜீஹா கணக்குப் போட்டாள். மூன்று பேர். சமத் பாய்க்கு அதைத் திறக்கவே இன்னொருவர் உதவி வேண்டும். தான் யாருக்கும் கொடுக்கவில்லை. மிச்சம் ஒருவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மருந்துக்கடையின் பின்னறையில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது அவள் அதைச் சொன்னாள். மெல்லிய குரலில்தான் சொன்னாள்.

"தம்பி, தப்பா நெனைக்காத. வயசு, ஏரியா எல்லாம் சேக்கணும்னு சொன்னவன் நீதான். கம்ப்யூட்டர் தெரிஞ்சவனும் நீ ஒருத்தன்தான். வேற யாரு வழியா போயிருக்கும், நீயே சொல்லு."

அஸ்வின் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனான். அன்று மாலை அவனிடமிருந்து அவளுக்கு ஒரே ஒரு செய்தி வந்தது: ஷீட்டை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டேன் அக்கா, என்னை எடுத்துவிட்டேன். குழுவிலிருந்தும் விலகியிருந்தான். ஃபோன்களும் சில வாரங்களில் குறைந்து நின்றுவிட்டன. தன் கணக்கு சரி என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று வஜீஹா நினைத்தாள்.

இனிமேல் தெரிந்த பையன், நம்பிக்கையான ஆள் என்று யாரிடமும் பட்டியலைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். ஷீட்டும் வேண்டாம். உள்ளே வர ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி, யாருக்கு எது தெரியலாம் என்பதற்கு ஒரு வரம்பு; அப்படி ஒரு இணையதளத்தைத் தானே கட்டுவது. இதில் ஒரு சங்கடம் இருந்தது. இந்த யோசனையே அஸ்வினுடையது. மார்ச் மாதத்தில் ஒருநாள், ஜாங்கோ என்று ஒன்று இருக்கிறது அக்கா, அதில் இதைச் சுத்தமாகச் செய்யலாம் என்று சொல்லி, ஒரு இணைப்பையும் அனுப்பியிருந்தான். ஜாங்கோ ஒரு ஃப்ரேம்வொர்க். தளம் கட்டும் எவருக்கும் தேவைப்படும் லாகின், பட்டியல், பாஸ்வேர்டு போன்ற பொது வேலைகளை முன்கூட்டியே செய்து, இலவசமாகக் கொடுக்கும் தொகுப்பு. நம் வேலையை மட்டும் நாம் அதன்மேல் எழுதினால் போதும்.

இலவசம் என்ற சொல்லே அவளுக்கு உறுத்தியது. யார் எதற்காக இவ்வளவு வேலை செய்து சும்மா கொடுக்கிறார்கள்? அஸ்வின் அனுப்பிய இணைப்பை அவள் தொடவில்லை. தானே தேடினாள். வந்து சேர்ந்த பக்கத்தின் முகவரியையும் அவன் அனுப்பியதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். ஒன்றேதான். அதில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நிலையத்தில் அவளுக்குக் காலை ஆறரையிலிருந்து மதியம் இரண்டரை வரை வேலை. நாலு மணிக்கு வீட்டில் உட்கார்ந்தால் அந்திநேர மக்ரிப் தொழுகை வரை அவளுடைய நேரம். பெங்களூரில் வேலை கிடைத்துப் போன மகள் ரூஹி விட்டுச்சென்ற லேப்டாப் இருந்தது. வஜீஹா முதலில் செய்தது, ஊசி குத்திய இடத்தில் ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி அதன் கேமராவை மூடியது. பிறகு ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, இடப்பக்கம் செய்ய வேண்டிய கட்டளை, வலப்பக்கம் அது என்ன செய்யும் என்று இரண்டு பத்தி பிரித்தாள். வலப்பக்கம் நிரம்பாமல் எந்தக் கட்டளைக்கும் எண்டரை அழுத்தக் கூடாது என்பது அவள் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். தெரிந்தவர்கள் அரை மணியில் முடிக்கும் வேலை அவளுக்கு மூன்று வாரம் ஆனது.

முதலில் பைத்தான் என்ற மொழியை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினாள். அடுத்து, இந்தத் திட்டத்துக்கு மட்டும் தனியாக ஓர் அறை அமைத்துக்கொள்ளச் சொன்னது வழிகாட்டி. இங்கே ஏற்றுவது கம்ப்யூட்டரின் மற்ற இடங்களைத் தொடாது. அந்த ஏற்பாடு அவளுக்குப் பிடித்தது. தொற்று நோயாளிக்குத் தனி அறை ஒதுக்குவதுபோல என்று வலப்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஆனால் அந்த அறைக்குள் நுழையும் கட்டளையைக் கொடுத்ததும் சிவப்பில் நாலு வரி வந்து விழுந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் இப்படிப்பட்டவற்றை ஓடவிட அனுமதி இல்லை என்றது. இணையத்தில் தேடினால், பாதுகாப்பை முழுவதும் தளர்த்திவிடும் ஒரு வரியைக் கொடுத்து, இதைப் போட்டால் சரியாகிவிடும் என்று நூறு பேர் சொல்லியிருந்தார்கள். நூறு பேரும் நன்றி சொல்லியிருந்தார்கள்.

"கதவு தொறக்கலன்னா பூட்டையே கயட்டிப் போடுங்கறான்" என்று ஷஃபியுல்லாவிடம் சொன்னாள்.

அவன் மோட்டார் ஒன்றின் எரிந்த காயிலைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிராமலே, வேற வாசல் இருக்கும் பாரு என்றான். இருந்தது. விண்டோஸிலேயே கட்டளை அடிக்க இன்னொரு பழைய கறுப்பு ஜன்னல் உண்டு. அதில் அதே கட்டளை எந்தப் பூட்டையும் கழற்றாமல் வேலை செய்தது. அதற்கு நாலு நாள்.

ஜாங்கோவை ஏற்றும் கட்டளையை ஒரு செவ்வாய்க்கிழமை கொடுத்தாள். ஓடி முடிந்ததும் கடைசி வரியைப் பார்த்தாள். ஒன்றைக் கேட்டதற்கு நாலு வந்திருந்தது. ஜாங்கோவோடு இன்னும் மூன்று பெயர்கள், அவள் கேள்விப்படாதவை. லேப்டாப்பின் இணையத்தைத் துண்டித்துவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தாள். மறுநாள் மதிய இடைவேளையில் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடினாள். ஜாங்கோ தன் வேலைக்கு அவற்றை நம்பியிருக்கிறது, ஒன்று நேரக் கணக்குக்கு, இன்னொன்று தரவுத்தளத்தோடு பேசும் வரிகளைப் பிரிப்பதற்கு, இப்படி. பெயர்களில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை என்று பார்த்த பிறகே மறுபடி இணையத்தைச் சேர்த்தாள்.

திட்டத்தைத் தொடங்கும் கட்டளை ஒரு ஃபோல்டரை உண்டாக்கியது. அதற்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர். இரட்டைப் பெயரைக் கண்டால் அவளுக்குக் கை நின்றுவிடும். எது எதற்கு என்று தெளிய ஒரு சாயங்காலம் முழுதும் போனது. அடுத்த நாள் தளத்தை ஓடவிட்டாள். திரையில் ஒரு ராக்கெட் படம் வந்து, வெற்றிகரமாக நிறுவிவிட்டீர்கள், வாழ்த்துகள் என்றது. ரூஹியாக இருந்தால் துள்ளியிருப்பாள். இவ்வளவு சீக்கிரம் வாழ்த்துகிறார்களே என்று வஜீஹாவுக்குத் தோன்றியது. இந்தப் பக்கம் இப்போது ஊருக்கே தெரிகிறதா? ஃபோனை எடுத்து அதே முகவரியை அடித்துப் பார்த்தாள். திறக்கவில்லை. ஷஃபியுல்லாவின் ஃபோனிலும் திறக்கவில்லை. இது இந்த லேப்டாப் தனக்குத்தானே பேசிக்கொள்வது, வெளியே போகாது என்று புரிந்தபின்தான் ராக்கெட்டைச் சரியாகப் பார்த்தாள்.

அவளுக்கு முதன்முதலில் அந்த ஃப்ரேம்வொர்க்கின் மேல் மரியாதை வந்தது அமைப்புகளுக்கான கோப்பைத் திறந்தபோது. அதிலேயே, ஜாங்கோ தானாக எழுதி வைத்திருந்த எச்சரிக்கைகள் இருந்தன. இந்த ரகசியச் சாவியை ரகசியமாக வை. இந்தச் சோதனை வசதியை இயக்கியபடி தளத்தை வெளியே விடாதே. சாவியின் பெயரிலேயே, இது பாதுகாப்பற்றது என்ற சொல்லை முன்னால் சேர்த்திருந்தார்கள். தன்னை நம்பாதே என்று தானே சொல்லும் ஒரு பொருளை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

நிர்வாகிக்கான பாஸ்வேர்டைக் கேட்டபோது அடித்த எழுத்து எதுவும் திரையில் தெரியவில்லை. புள்ளிகூட இல்லை. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து மூடித் திறந்து மூன்று தடவை செய்தாள். யாரும் தோள்வழியே எட்டிப் பார்த்து எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அப்படி என்று படித்ததும், பரவாயில்லை, நம்ம ஆள்தான் என்று ஷஃபியுல்லாவிடம் சொன்னாள்.

அப்படியே அக்டோபர், நவம்பர் போனது. மழை நாட்களில் கரண்ட் போய்ப் போய் வந்தது. பழைய ஷீட்டை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, கொடையாளர்களின் விவரங்களை ஒவ்வொன்றாகப் புதிய இடத்தில் சேர்த்தாள். ஒட்டுமொத்தமாக ஏற்ற வழி இருக்கிறது என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்க்காமல் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு, ரத்த வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்த வகைக்காரர்கள் மட்டும் வரும்படி ஒரு பக்கத்தை எழுதினாள். அவள் சொந்தமாக எழுதிய முதல் பக்கம். பி நெகட்டிவ் என்று போட்டாள். ஆறு பேர் வரிசையாக வந்தார்கள். மூன்றாவது பெயர் ஸ்ரீரஞ்சனி.

டிசம்பர் முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தான் லாகின் செய்திருப்பதால்தான் இது தெரிகிறதா, எல்லாருக்கும் தெரியுமா என்ற கேள்வி வந்தது. பிரவுசரில், யாரென்று அடையாளம் வைத்துக்கொள்ளாத தனி ஜன்னல் ஒன்று உண்டு. அதில் அதே முகவரியை அடித்தாள். பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் ஆறு பேரும் வந்து நின்றார்கள், ஃபோன் நம்பரோடு.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் இது திறந்து கிடக்கிறது. லாகின் செய்தவருக்கு மட்டும் என்று அந்தப் பக்கத்துக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும், எழுதவில்லை. எழுதினாள். மறுபடி தனி ஜன்னலில் அடித்தாள். இந்தத் தடவை பாஸ்வேர்டு கேட்டது. சரி என்று ஜன்னலை மூடப்போனவள், மூடவில்லை. பக்கத்தில் பழைய ஷீட் திறந்திருந்தது. அதன் முகவரியை எடுத்து அந்தத் தனி ஜன்னலில் ஒட்டினாள்.

ஷீட் திறந்தது. இருநூற்றுப் பதினாலு பேரும் இருந்தார்கள். பெயர், வயது, ரத்த வகை, பேட்டை, ஃபோன்.

ஷீட்டின் பகிர்வு அமைப்பைத் திறந்து பார்த்தாள். இணைப்பு கையில் உள்ள யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருந்தது. அஸ்வின்தான் இப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று முதலில் தோன்றியது. பழைய கணக்குக்கு இன்னொரு சாட்சி. உறுதி செய்துகொள்ள, குழுவின் வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பைத் தேடினாள். ஒரே ஒரு இடத்தில் வந்தது. ஏப்ரல் பத்தொன்பது, காலை எட்டே கால். அனுப்பியது வஜீஹா. இப்போது எல்லாருக்கும் திறக்கும், பாருங்கள் என்று எழுதியிருந்தது.

அந்தக் காலை அவளுக்குத் திரும்பி வந்தது. ஒரு விபத்து. மூன்று யூனிட் வேண்டும். சமத் பாய் ஃபோனில் ஷீட் திறக்கவில்லை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவள் முன் மேசையில் இருபது பேர் வரிசை. மேசைக்கடியில் ஃபோனை வைத்து அமைப்பை மாற்றி, இணைப்பைக் குழுவில் போட்டாள். மதியம் மறுபடி மூடிவிடலாம் என்று நினைத்தாள். ரத்தம் கிடைத்துவிட்டது. மூடவில்லை. குழுவில் இருநூறுக்கு மேல் ஆட்கள், பாதிப் பேரை யாரும் பார்த்ததுகூட இல்லை. ஃபோன்கள் வந்தது மூன்று மாதம் கழித்து. அதற்குப் பிறகும் ஐந்து மாதம் அது அப்படியே திறந்து கிடந்திருக்கிறது, அவள் பெயரில்.

ஷீட்டை மூடினாள். மூடியதா என்று மூன்று தடவை பார்த்தாள். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று ஷஃபியுல்லா சொன்னது காதில் விழவில்லை. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாரையும் பார்த்தேன், என் கையை மட்டும் பார்க்கல என்றாள். அந்தப் பையன்கிட்ட எப்ப போற என்று மட்டும் அவன் கேட்டான்.

முதலில் மருந்துக்கடைக்குப் போனாள். அஸ்வின்மேல் பழி சொன்ன அதே பின்னறையில், அன்று இருந்தவர்களை எல்லாம் சமத் பாய் மூலம் வரவழைத்து, ஃபோனில் தன் செய்தியைக் காட்டினாள். சமத் பாய் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"வுடும்மா. எனக்கு ஓப்பன் ஆவலன்னுதான நீ பண்ண. என் மேலயும் பாதி கீது."

"இல்ல பாய். அது வேற, அந்தப் பையனைச் சொன்னது வேற. அதுல பாதி கெடையாது."

அன்று மாலையே பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் நடந்ததை எழுதி அனுப்பினாள். யாருக்குப் பெயர் வேண்டாமோ சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன் என்று. முப்பத்தேழு பேர் எடுக்கச் சொன்னார்கள். சிலர் திட்டினார்கள். ஸ்ரீரஞ்சனியை மட்டும் அவள் நேரில் போய்ப் பார்த்தாள். அவர் காபி கொடுத்தார், முழுதும் கேட்டார்.

"என் பேரை எடுத்துடுங்கோ" என்றார். "உங்க மேல கோபம்னு நெனைச்சுக்காதேங்கோ. இப்பவும் தெரியாத நம்பர்னா ஆத்துல எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துண்டு நிக்கறோம். எனக்குப் போதும்."

வஜீஹா அங்கேயே, அவர் எதிரிலேயே லேப்டாப்பைத் திறந்து பெயரை நீக்கிக் காட்டினாள்.

அஸ்வினின் வீட்டுக்குப் போக எட்டு நாள் ஆனது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் அவன் வீட்டு வாசலில் நின்றாள். கதவைத் திறந்தவன் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. உட்காரச் சொன்னான். அவள் உட்காராமலே ஏப்ரல் பத்தொன்பதைச் சொன்னாள்.

"தெரியும் அக்கா" என்றான் அவன். "அந்த மெசேஜ் நானும் பாத்தேன். அன்னைக்கு நீங்க கேட்டப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா போன? சொல்லிருக்கலாமே தம்பி."

"சொன்னா நம்பிருப்பீங்களா?"

வஜீஹா யோசித்தாள். பொய் சொல்ல அவளால் முடியவில்லை. இல்லை என்று தலையாட்டினாள். பழியைத் தன்மேல் திருப்பிவிடுகிறான் என்றே எடுத்துக்கொண்டிருப்பாள்; செய்தியையே அவன் எப்படியோ உண்டாக்கியிருப்பான் என்றும் சொல்லியிருப்பாள். அவன் தரையைப் பார்த்தபடி, சொல்லவில்லை என்றாலும் ஷீட்டை நான் மூடியிருக்க வேண்டும், கோபத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன், அதை நினைத்தால் எனக்கும் தூக்கம் வரவில்லை என்றான்.

அவள் உட்கார்ந்து, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்தாள். எடுத்த பிறகும் அதை அவன் பக்கம் நகர்த்தக் கை தயங்கியது. அவன் அதைக் கவனித்தான். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, நான் சொல்கிறதை அடியுங்கள் என்றான். அவளுக்கு முகம் சுட்டது. மடியிலிருந்து எடுத்து அவன் முன் வைத்தாள்.

"உள்ள நுழைய முடியுதான்னு பாரு. நான் பூட்டிருக்கேன், நீ ஒடச்சுப் பாரு."

அவனுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரத்த வகைப் பட்டியலை அவள் பூட்டியிருந்தாள். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பெயரை அழுத்தினால் வரும் தனிப் பக்கத்தைப் பூட்டவில்லை. முகவரியின் கடைசியில் ஏழு என்று போட்டால் ஏழாவது ஆள், எட்டு என்றால் எட்டாவது ஆள். லாகின் இல்லாமலே ஒவ்வொருவராகப் பார்த்துவிடலாம். அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். வஜீஹா நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். இதை அவள் மட்டும் பார்த்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் தெரியாமல் இருந்திருக்கும் என்று தோன்றியது.

குழுவுக்குத் திரும்பி வா என்று கேட்டாள். அவன் சிரித்து, வேண்டாம் அக்கா என்றான். மேற்கொண்டு அவள் வற்புறுத்தவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தானே, நிஜமாகவே நான் நம்ப மாட்டேன் என்பதற்காகவா, இல்லை, நானே கண்டுபிடித்து அவமானப்படட்டும் என்றா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அவள் மறைக்கவில்லை, ஷஃபியுல்லாவிடம் சொன்னாள். அப்படியே இருந்தாலும் அவனுக்கு அந்த உரிமை உண்டு என்றான் அவன்.

தளம் பிப்ரவரியில் வெளியே வந்தது. சாவி ஐந்து பேரிடம். எண்களை ஐவர் தவிர யாரும் பார்க்க முடியாது; ரத்தம் கேட்பவருக்கு எண் கொடுப்பதில்லை, குழுவே கொடையாளரைக் கூப்பிடும். யார் எப்போது எந்தப் பெயரைத் திறந்தார்கள் என்பது பதிவாகும். வஜீஹா தினமும் மாலையில் அந்தப் பதிவைப் படிக்கிறாள், தன் பெயருக்கு நேரே உள்ளதையும் சேர்த்து. ஜூலையில் அழைத்தவன் யார் என்று இதுவரை தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில்தான் இன்னும் இருக்கிறானோ என்னவோ. மாதத்தில் ஒன்றிரண்டு முறை அஸ்வினிடமிருந்து மின்னஞ்சல் வரும். நலம் விசாரிப்பு எதுவும் இருக்காது. இந்த இடத்தில் இது திறக்கிறது, பாருங்கள் என்று இரண்டு வரி. அவள் சரி செய்துவிட்டு, பூட்டியாச்சு என்று ஒரு சொல் எழுதுவாள்.

போன மாதம் ஒரு காலை, அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு பி நெகட்டிவ் வேண்டியிருந்தது. பட்டியலில் இப்போது நாலு பேர்தான். மூன்று பேர் ஊரில் இல்லை. நாலாவது, அபிராமபுரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். வஜீஹா கூப்பிட்டாள்.

யார் நீங்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். என் நம்பர் எப்படி வந்தது, எந்த ஆஸ்பத்திரி, நோயாளி பெயர் என்ன, நான் ஆஸ்பத்திரி நம்பரிலேயே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். மேசைக்கு எதிரே வரிசை நீண்டுகொண்டிருந்தது. வஜீஹா நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"நல்லா கேளும்மா" என்றாள். "எல்லாம் கேட்டுட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."